எர்த் கம்பியும் உலோகக் கவசமும்



வானொலி கேட்கும்போது வாசலில் மோட்டார் சைக்கிள் ஒன்று போனால், பெட்டி ‘கரகர’வென்று இரைவதைக் கேட்டிருப்பீர்கள். அந்த எஞ்சினில் எழும் மின்பொறி, அலையாகப் பரவி வானொலிக்குள் நுழைகிறது. மின்சாரம் விட்டுவிட்டு ஓடும் கருவிகள் யாவும் இப்படி அலைகளை வெளியிடும். கணிப்பொறியும் அதற்கு விலக்கன்று.

1943ஆம் ஆண்டு, இரண்டாம் உலகப் போரின் நடுவே, இந்த உண்மை அமெரிக்கரைத் திடுக்கிட வைத்தது. இராணுவச் செய்திகளை மறைமொழியாக்கும் பொறி ஒன்று பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் இயங்கிக்கொண்டிருந்தது. அது அசையும் ஒவ்வொரு முறையும், தொலைவில் இருந்த வேறொரு கருவியின் திரையில் ஒரு கோடு துள்ளியது. அந்தத் துள்ளல்களைக் கொண்டே மறைத்த செய்தியைப் படித்துவிடலாம்! படைத்துறையினர் நம்பவில்லை. ஆகவே நியூயார்க்கின் வாரிக் தெருவில், எதிர்க் கட்டடத்தில், சுமார் 80 அடி தள்ளிப் பொறியாளர்கள் அமர்ந்தார்கள். ஒரு மணி நேரம் அலைகளைப் பதிவு செய்து, சில மணி நேரத்தில் செய்தியில் ஏறத்தாழ 75 விழுக்காட்டை எழுதிக் கொடுத்தார்கள். பகைவன் அங்கே அமர்ந்திருந்தால் எத்தனை வீரர்களின் உயிர் போயிருக்கும்!

எர்த் கம்பியை மண்ணில் இறக்கினால் போதாதா என்று கேட்பீர்கள். கருவியின் உடலில் மின்சாரம் கசிந்தால், அதிர்ச்சியிலிருந்து நம்மைக் காப்பது அந்தக் கம்பிதான். ஆனால், விநாடிக்குப் பல இலட்சம் முறை துடிக்கும் அலைகளுக்கு நீண்ட கம்பி எளிய பாதையன்று. சில வேளை அதுவே ஏரியல் போல அலைகளைப் பரப்பிவிடும்.

சரியான வழி 1836இலேயே இலண்டனில் தெரிந்திருந்தது. கொல்லரின் மகனாகப் பிறந்த மைக்கேல் பாரடே, நீளம், அகலம், உயரம் மூன்றும் 12 அடியான அறை ஒன்றை உலோகத்தால் போர்த்தினார். மண்ணோடு தொடர்பில்லாமல் அதை நிறுத்தினார். வெளியே பலத்த மின்சாரம் ஏற்றச் செய்து, தாமே உள்ளே போய் நின்றார். உள்ளேயிருந்த நுட்பமான கருவிகூட அசையவில்லை. காத்தது மண்ணன்று, சுற்றி மூடிய உலோகமே. உள்ளிருந்து கிளம்பும் அலைகளையும் அத்தகைய கவசம் அடக்கும்.

பெல் அறிஞர்களும் கவசமிடவும், கம்பி வழியே கசிவதை வடிகட்டவும் சொன்னார்கள். கவசமிட்ட பொறியைப் பராமரிப்பது கடினம் என்று படைத்துறை தயங்கியது. சுற்றிலும் சுமார் 100 அடி விட்டமுள்ள இடத்தைக் காவல் காத்தால் போதும் என்றது. போர் முடிந்ததும் பாடம் மறந்தது. 1951இல் அதே கசிவை மீண்டும் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. 1985இல் விம் வான் எக் என்னும் டச்சு ஆய்வாளர், கணிப்பொறித் திரையில் உள்ளதைத் தொலைவிலிருந்தே தொலைக்காட்சிப் பெட்டியில் படிக்கலாம் என்று உலகறியக் காட்டினார்.

நேயர்களே, எர்த் ஆளைக் காக்கும். கவசம் செய்தியைக் காக்கும். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. இதைக் கேட்டுவிட்டு, வீட்டு எர்த் கம்பியை மட்டும் கழற்றிவிடாதீர்கள்!