கணக்குக் காட்டாதவன் பேரைக் குடத்தில் போடாதே!

சிங்கப்பெருமாள் கோவில் வட்டாரத்தில் நமக்கு ஏரிதானே தாய்? அந்தக் காலத்தில் ஏரியை யார் பார்த்துக்கிட்டாங்க தெரியுமா?

செங்கல்பட்டைத் தாண்டி உத்திரமேரூருக்குப் போனால், வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் பதில் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் அவை.

ஊரை 30 குடும்புகளாகப் பிரிச்சாங்க. தகுதியுள்ளவர் பேரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னாங்க. இப்படி வந்தவர்களில் 6 பேர் ஏரி வாரியம். பதவி 360 நாள்தான்.

ஒரு விதியைக் கவனியுங்க. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பேர் குடத்துக்குள்ளே போகாது. அவருடைய நெருங்கிய சொந்தக்காரர் பேரும் போகாது!

குறையும் உண்டு. அது பிராமணர்களின் சபை. வேதம் படித்த நிலக்காரருக்குத்தான் இடம். சேற்றில் இறங்கி உழுதவருக்கு இல்லை.

ஸ்பெயின் நாட்டு வலென்சியா நகரில், வாய்க்கால் தகராறுகளை விவசாயிகள் தேர்ந்தெடுத்த விவசாயிகளே தீர்க்கிறாங்க. வியாழக்கிழமை மதியம் 12 மணிக்குத் தேவாலய வாசலில் கூடுவாங்க, எல்லாம் வாய்ப்பேச்சுதான். பல நூறு வருஷமாக நடக்கும் இந்த நீர் மன்றத்தை 2009-ல் யுனெஸ்கோவும் பாராட்டிப் பட்டியலில் சேர்த்தது.

நம்ம ஏரி வாரியம் கல்லில் மட்டும் நிற்கிறது. ஆனால் கிராம சபை இருக்கிறதே! மதகு, கரை, வரத்துக்கால் வேலை நடந்தால் அங்கே எழுந்து கணக்குக் கேளுங்க. இன்று சாதி, நிலம் பார்க்காமல் எல்லாருக்கும் அந்த உரிமை உண்டு.