இரவல் மனையில் எழுந்த நகரம்

1862 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் ஒரு குடியேற்றச் சட்டத்தை இயற்றிற்று. 160 ஏக்கர் காணியில் ஐந்தாண்டுகள் குடியிருந்து அதைப் பண்படுத்தியவர்க்கு அக்காணி உரித்தாகும் என்றது அச்சட்டம். ஆதிக்குடிகளிடமிருந்து பறித்த நிலமே இவ்வாறு பங்கிடப்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது. எனினும், உழைத்தவனுக்குக் காணி உறுதி வழங்கவேண்டும் என்ற கடப்பாட்டையேனும் அது ஏற்றுக்கொண்டது.

அக்குடியேறிகளின் பெயரையே பிற்காலத்தில் ஓர் இணையக் கம்பனி தன் பாவனையாளர்களுக்குச் சூட்டியது. 1994 இல் கலிபோர்ணியாவில் டேவிட் போனெற், ஜோன் றெஸ்னர் என்போர் தொடங்கிய ஜியோசிட்டீஸ் என்பதே அக்கம்பனி. எவரும் பணம் கொடாமலே அங்கு தமக்கென ஓர் இணையப் பக்கத்தை அமைத்துக்கொள்ளலாம். நகரத்துப் பேட்டைகள்போல் அப்பக்கங்கள் வகுக்கப்பட்டிருந்தன. கல்வி, மெய்யியல் பற்றி எழுதுவோர்க்கு ஏதென்ஸ், அரசியல் எழுதுவோர்க்குக் கப்பிற்றல் ஹில். அச்சகத்தின் வாயிலையே கண்டிராத சாதாரண மக்கள் முதன்முறையாக உலகறிய எழுதினர்.

இந்நகரின் பெறுமதி அவர்களது உழைப்பினாலேயே உண்டாயிற்று. ஆனால், 1999 இல் யாகூ கம்பனி ஏறத்தாழ 360 கோடி டொலர் பெறுமதியான பங்குகளைக் கொடுத்து ஜியோசிட்டீஸை வாங்கியபோது, அத்தொகை பங்குதாரரையே சேர்ந்தது. அவ்வாண்டு யூன் மாதத்தில், குடியேறிகளின் ஆக்கங்கள்மீது தனக்குப் பரந்த உரிமை உண்டெனவும் யாகூ நிபந்தனை விதித்தது. மக்கள் கொதித்தெழுந்தனர், பலர் தம் பக்கங்களை அகற்றினர். சில நாட்களிலேயே கம்பனி பின்வாங்கிற்று. ஒன்றுபட்ட எதிர்ப்பின் வலிமைக்கு இது சான்றாகும்.

ஆயினும் உடைமை கைமாறவில்லை. விளம்பர வருவாய் வேறிடம் சென்றதும் நகரம் வேண்டாச் சுமையாயிற்று. 2009 ஏப்ரிலில் அறிவித்தல்; ஒக்ரோபர் 26 இல் மூடுவிழா. பதினைந்து ஆண்டு உழைப்புக்கு எவரிடமும் உறுதி இருக்கவில்லை. ஆர்க்கைவ் ரீம் என்ற தொண்டர் குழு இயன்ற பக்கங்களைப் பிரதிசெய்து 2010 இல் பொதுவில் வெளியிட்டது. செல்வம் படைத்த கம்பனி கைவிட்டதை ஊதியமற்ற தொண்டர்கள் காத்தனர். 2017 இல் யாகூவின் இணையத் தொழிலே வெரிசோனுக்கு விற்கப்பட்டது. 2020 டிசெம்பரில் யாகூ குழுக்களும் மூடப்பட்டன.

தனிமனிதரின் கொடுமையாக இதனைக் கருதுவது தவறு. இலாபம் உள்ளவரை சேவை, இலாபம் அற்றதும் வெளியேற்றம் என்பதே இவ்வமைப்பின் நியதி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையிலுள்ள சட்டம், ஒருவர் தாம் வழங்கிய தரவுகளைப் பெற்று வேறிடம் கொண்டுசெல்லும் உரிமையை அளிக்கிறது. அது நற்பேறே, எனினும் அது காணி உறுதியன்று, வெளியேறும்போது மூட்டை கட்டும் உரிமை மட்டுமே.

இரவல் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே என்றனர் நம் முன்னோர். பாடக் குறிப்புகளையும் படைப்புகளையும் கம்பனிகளின் கணினிகளில் ஒப்படைக்கும் ஆசிரியரும் மாணவரும் தம்மிடமும் ஒரு பிரதியை வைத்திருத்தல் வேண்டும். ஆனால் அத்துடன் கடமை தீர்ந்துவிடாது. மக்களின் எழுத்தை மக்களுக்குப் பொறுப்புக் கூறும் பொது நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் காக்கவேண்டும் என்ற கோரிக்கையே நம் குரலாக எழவேண்டும்.