களப்பணி

'களம்' என்றால் திறந்த வெளி. நெல் அடிப்பதும் அங்கேதான், போர் நடப்பதும் அங்கேதான். இதனோடு 'பணி' சேர, ஈற்று மகரம் கெட்டு, இடையில் ஒற்று மிகுந்து 'களப்பணி' ஆயிற்று. நூலகத்தை விட்டு மக்களிடையே போய்த் தங்கி, பார்த்தும் கேட்டும் செய்தி திரட்டும் ஆய்வுமுறைக்கு இது பெயர்.

கேம்பிரிட்ஜில் மெய்யியல் படித்த மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் 1906 முதல் 1908 வரை அந்தமானில் செய்தது களப்பணியே. லிட்டில் அந்தமானில் ஓங்கே மக்களின் மொழியைக் கற்க முயன்றார்; கைகூடவில்லை. பிறகு பெரிய அந்தமானியரிடம் இந்துஸ்தானியிலும் மொழிபெயர்ப்பாளர் வழியாகவும் பேசித் திரட்டியவற்றை 1922இல் நூலாக்கினார். மானிடவியலில் அது பெருநூல்தான். ஆனாலும் ஒரு சமூகத்தின் நம்பிக்கைகளை இன்னொரு மொழியில் கேட்டு எழுதியது பெருங்குறை. ஆய்வு மாணவர்களே, வினாப்பட்டியல் தயாரிக்குமுன் அம்மக்களின் மொழியைக் கற்கத் தொடங்குங்கள்.