கேன்டனின் மூடிய கதவு

1997-இலும் ஜெர்ரி கிரேமரின் பெயர் தேர்வுக் குழுவின் மேசை வரை வந்தது. அந்த முறையும் வேண்டாம் என்றார்கள். ஒஹாயோ மாநிலத்துக் கேன்டன் நகரில் இருக்கும் அமெரிக்கக் கால்பந்து ஹால் ஆஃப் ஃபேமின் வாசலில் அவர் அதற்கு முன்பே ஒன்பது முறை இறுதிப் பட்டியல் வரை வந்து திரும்பியிருந்தார். 2018-இல் அந்தக் கதவு திறந்த கதையை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் ஓய்வுபெற்று அரை நூற்றாண்டு ஆன ஓர் ஆட்டக்காரருக்காக ரசிகர்கள் ஏன் சலிக்காமல் மல்லுக்கு நின்றார்கள் என்பது புரிய வேண்டுமானால், 1967 டிசம்பர் 31-க்குப் போயே ஆக வேண்டும்.

கிரேமர் ஆடியது கார்டு இடத்தில். கார்டு பந்தைத் தொடுவதில்லை. பந்தோடு ஓடுபவனுக்கு வழி உண்டாக்க, எதிரே நிற்கும் மலை போன்ற ஆளை மறித்துத் தள்ளுவதுதான் அவன் வேலை. ஓடியவனுக்குக் கெஜக் கணக்கு உண்டு, எறிந்தவனுக்குச் சதவீதம் உண்டு. தள்ளியவனுக்கு எந்த ஏட்டிலும் ஒரு வரி கிடையாது. கிரேமருக்கு நேர்ந்த அநீதியின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இத்தனைக்கும் அவர் உடம்பே ஒரு சரித்திரம். ஐடஹோவில் சிறுவனாக இருந்தபோது துப்பாக்கிக் குண்டு கையைக் கிழித்தது. கன்றுக்குட்டியைத் துரத்தி ஓடியபோது பலகை உடைந்து, ஒரு சாணுக்குக் கிட்டத்தட்ட நீளமான மரச்சிலாம்பு தொடையிடுக்கில் ஏறியது. அதை எடுத்த மருத்துவர்கள் சில துண்டுகளை உள்ளேயே விட்டுவிட்டார்கள். பல வருஷம் கழித்து, கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் தூணாக இருந்த காலத்தில், அவை சீழ் பிடித்து அவரைச் சாவின் விளிம்புக்குக் கொண்டுபோயின. 1964 பருவம் பெரும்பாலும் மருத்துவமனையிலேயே கழிந்தது. சம்பளம் தருகிறேன், வீட்டில் இரு என்றார் பயிற்சியாளர் வின்ஸ் லொம்பார்டி. கிரேமர் கேட்கவில்லை. திரும்பி வந்து இன்னும் மூன்று சாம்பியன் பட்டங்களில் பங்கெடுத்தார்.

இனி அந்த நாள். கிரீன் பே நகரின் லாம்போ மைதானம். லீக் சாம்பியன் பட்டத்துக்கான ஆட்டம். எதிரணி டல்லாஸ் கவ்பாய்ஸ். குளிர் மைனஸ் 13 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 25 செல்சியஸ். காற்றையும் சேர்த்தால் தோலில் உறைத்தது அதைவிடக் கொடுமை. புல்லுக்கு அடியில் மின்கம்பிகளைப் பதித்து மைதானத்தைச் சூடாக வைக்க லொம்பார்டி ஏற்பாடு செய்திருந்தார். அன்றைக்கு அது கைவிட்டது. ஈரத்தரை கட்டாந்தரையாகி, பிறகு பனிப்பாளமாகவே ஆகிவிட்டது. நடுவரின் உலோக விசில் உதட்டில் ஒட்டிக்கொண்டு தோலைப் பிய்த்தது. அதன்பின் விசிலே இல்லை; நடுவர்கள் வாயால் கத்தித்தான் ஆட்டத்தை நிறுத்தினார்கள். பேண்டு வாத்தியக்காரர்களின் கருவிகள் உறைந்துபோய், சிலரை மருத்துவமனைக்கு எடுத்துப்போனார்கள். ஆனாலும் 50,000-க்கும் மேற்பட்ட ஜனம் இடத்தை விட்டு எழவில்லை. இந்தக் கூட்டத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் கிரேமருக்காகப் பேசியவர்கள் இந்த ஊர்க்காரர்களும் இவர்களின் பிள்ளைகளும்தான்.

முதலில் 14-0 என்று முந்திய பேக்கர்ஸ், கடைசிக் கால்பகுதியில் 17-14 என்று பின்தங்கியது. 4 நிமிடம் 50 விநாடி மிச்சம். கடக்க வேண்டியது 68 கெஜம். குவார்ட்டர்பேக் பார்ட் ஸ்டார் அந்தப் பனியில் அணியை அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டு போனார். கோல் கோட்டுக்கு ஒரு கெஜத்துக்கும் குறைவான தூரம் இருந்தபோது கடிகாரத்தில் 16 விநாடி. கேட்டு வாங்க டைம் அவுட்டும் இல்லை. உதைத்து மூன்று புள்ளி எடுத்தால் சமன் ஆகும். லொம்பார்டி சமனை விரும்பவில்லை.

டல்லாஸின் ஜெத்ரோ பியூ தாழ்ந்து நிற்காமல் சற்று நிமிர்ந்துவிடுவார் என்பதை, அந்த வாரம் படம் போட்டுப் பார்த்தபோதே கிரேமர் கவனித்துச் சொல்லியிருந்தார். அந்த நிமிடத்தில் பனியில் கால் ஊன்ற ஒரு சின்னப் பள்ளமும் அவருக்கு அகப்பட்டது. பந்து தன் கைக்கு வரும் என்றே பின்னால் நின்ற சக் மெர்சீன் நினைத்திருந்தார். ஸ்டார் சக வீரர்களிடம் சொல்லாமல் பந்தைத் தானே வைத்துக்கொண்டார். கிரேமர் பியூவின் மேல் பாய்ந்தார். பக்கத்தில் சென்டர் கென் போமனும் சேர்ந்து தள்ள, பியூ சாய்ந்தார். அந்த இடுக்கில் ஸ்டார் விழுந்தார். 21-17. கிரேமர் முந்திக்கொண்டு அசைந்தார் என்று டல்லாஸ்காரர்கள் சொல்வதுண்டு. கொடி வீசாத நடுவரைத்தான் நான் நம்புகிறேன். தொலைக்காட்சி அந்தத் தள்ளலைத் திரும்பத் திரும்பக் காட்டியது. ஒரு கார்டின் வேலையை அமெரிக்கா முதன்முதலாகக் கண் கொட்டாமல் பார்த்தது அப்போதுதான். அந்தப் பருவத்தின் நாட்குறிப்பாக 1968-இல் அவர் டிக் ஷாப்புடன் வெளியிட்ட நூலும் அமோகமாக விற்றது.

1969-இல் லீக்கின் 50 ஆண்டு நிறைவுக்கான மாபெரும் அணியில் கார்டு இடம் கிரேமருக்குத்தான் கிடைத்தது. 50 வருஷத்தில் சிறந்தவர் என்று கொண்டாடப்பட்டவருக்குக் கேன்டனில் மட்டும் இடமில்லை என்றார்கள். லொம்பார்டி காலத்துப் பேக்கர்ஸ் ஆட்கள் ஏற்கெனவே அதிகம் என்ற பேச்சும் அடிபட்டது. இது நியாயமே இல்லை. மற்றவர்கள் நன்றாக ஆடியதற்கு இவரா தண்டனை அனுபவிப்பது?

ரசிகர்கள் கடிதம் எழுதினார்கள். மகள் அலிசியா இந்த முயற்சிக்குத் தலைமை ஏற்று, ஏற்கெனவே மண்டபத்தில் இடம்பெற்றவர்களிடமே ஆதரவுக் கடிதம் வாங்கிச் சேர்த்தார். அதில் எனக்குப் பெரிதாகப் படுவது மெர்லின் ஓல்சனின் ஆதரவு. லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணிக்காகக் கிரேமருக்கு நேர் எதிரே நின்று அவர் கையால் தள்ளு வாங்கியவர் ஓல்சன். ஏட்டில் கணக்கு இல்லாத கார்டுக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேறு யார்?

2018 பிப்ரவரி 3 அன்று, 82-ஆவது வயதில், கிரேமர் தேர்வானார். தேர்வுக் குழு கூடிய மின்னியாபொலிஸில் வாக்குகள் எப்படித் திரும்பின என்பதை அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம். அதற்குமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். லொம்பார்டியின் புகழ்பெற்ற ஸ்வீப் ஆட்டத்தில் கிரேமரோடு சேர்ந்து பாதை வெட்டிய இடது கார்டு ஃபஸ்ஸி தர்ஸ்டன் 2014-இல் கேன்டனைக் காணாமலே இறந்தார். கிரேமருக்காக எழுதிய பேனாக்கள் அவருக்காகவும் எழுத வேண்டும்.