கள்ளுக்கடை வாசலில் மாணவர்: ஒரு நூற்றாண்டு வரலாறு

வைகையின் வடகரையில், கோரிப்பாளையத்தை அடுத்து நிற்கும் அரசு இராஜாஜி மருத்துவமனைக்கு முன்னாளில் எர்ஸ்கின் மருத்துவமனை என்று பெயர். மக்கள் நாவில் என்றும் அது 'பெரியாஸ்பத்திரி'தான். அந்த இரு பெயர்களுக்கும் உரியவர்கள் ஒரே காலத்தில் சென்னை மாகாணத்தின் ஆட்சியில் இருந்தவர்கள். 1937இல் எர்ஸ்கின் பிரபு ஆளுநர், இராஜாஜி பிரதமர். இந்திய நாட்டில் மாகாண அரசொன்று மதுவிலக்குச் சட்டம் இயற்றி, ஒரு மாவட்டம் முழுவதிலும் மதுக்கடைகளை மூடியது அவ்வாண்டில்தான். குடியால் ஈரல் கெட்டும் மனம் கெட்டும் வருவோருக்கு இன்று அதே மருத்துவமனையில் சிகிச்சை அளிக்கப்படுகிறது. வருவோரில் கல்லூரி வயதுப் பிள்ளைகளும் உண்டு என்பதே நாம் இவ்வரலாற்றைத் திரும்பிப் பார்க்கக் காரணம்.

நூறு ஆண்டுகளுக்கு முன்னர் நம் நாட்டு மாணவர் மதுக்கடைக்குச் சென்றது குடிப்பதற்கன்று, குடிப்போரைத் தடுப்பதற்கே. 1920-21இல் ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது அரசுக் கல்லூரிகளை விட்டு வெளியேறிய இளைஞர்களுக்கு இயக்கம் கொடுத்த முதன்மையான பணிகளுள் ஒன்று கள்ளுக்கடை மறியல். பின்னாளில் காயிதே மில்லத் என்று சமுதாயம் போற்றிய முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்களும் அந்த அழைப்பை ஏற்று இளங்கலைத் தேர்வைத் துறந்தவர்தாம். 1921 செப்டம்பர் 22ஆம் நாள் காந்தியடிகள் மதுரை மேலமாசி வீதியில் அரையாடைக்கு மாறினார் என்பதை ஊரே அறியும். ஈரோட்டில் பெரியார் ஈ.வெ.ரா. மறியல் செய்து சிறை சென்றதும், அவர் துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் கடைவாசலில் நின்றதும், கள் இறக்கப் பயன்படக் கூடாதென்று அவர் தம் தென்னை மரங்களை வெட்டச் செய்ததும் அவ்வாண்டின் நிகழ்ச்சிகளே. கொள்கையால் பின்னர் வெவ்வேறு திசையில் சென்றவர்கள் இந்த ஒரு வாசலில் ஒன்றாக நின்றிருக்கின்றனர்.

1931 மார்ச்சில் காந்தி–இர்வின் ஒப்பந்தம் அமைதியான மறியலுக்கு இடமளித்தது. அதற்குச் சற்று முன்னர் திருச்செங்கோட்டையடுத்த புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்திலிருந்து இராஜாஜி மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்னும் இதழை நடத்தினார். பின்னாளில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற கல்கி அதில் துணையாசிரியராக இருந்தார்.

அந்த ஆசிரமம் இருந்த சேலம் மாவட்டத்தில்தான் 1937 அக்டோபர் 1ஆம் நாள் மதுக்கடைகள் மூடப்பட்டன. இந்நிகழ்ச்சியைக் குறிப்பிடுவோர் பெரும்பாலும் சட்டத்தை மட்டும் கூறி நிறுத்திவிடுகின்றனர். அதனோடு செய்யப்பட்ட மற்ற பணிகளே நமக்குப் பாடமாவன. கடை மூடிய மறுநாள் மாலையில், உழைத்துக் களைத்த ஆடவன் எங்கே போவான் என்ற கேள்வியை அன்றைய அரசு எண்ணிப் பார்த்தது. தேநீர்க் கடைகளுக்கு ஊக்கம் தரப்பட்டது. சிற்றூர்களில் மாலைநேர விளையாட்டுகளும் நாடகங்களும் ஏற்பாடாயின. குடிக்குச் சென்ற காசு வீட்டில் தங்குவதற்காகச் சிக்கனச் சங்கங்கள் அமைந்தன. மரமேறிகளின் பிழைப்புக்குப் பதநீரும் வெல்லமும் வழியாகக் காட்டப்பட்டன. ஆயினும் அவர்கள் அனைவருக்கும் அது ஈடாகவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கருவூலத்திற்கு நேர்ந்த இழப்பை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. இன்று நாம் கடைகளில் செலுத்தும் வரியின் மூதாதை மதுவிலக்கிலிருந்து பிறந்தது என்பது பலர் அறியாத செய்தி.

பின்னர் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில், 1948 அக்டோபர் 2 முதல் மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. மதுரையில் தியாகராசர் கல்லூரி தோன்றியது 1949இல், வக்ஃப் வாரியக் கல்லூரி 1964இல், பல்கலைக்கழகம் 1966இல். ஆக, இந்நிறுவனங்கள் பிறந்து வளர்ந்த நாளில் அவற்றைச் சுற்றி அரசு உரிமம் பெற்ற கள், சாராயக் கடைகள் இல்லை. கள்ளச்சாராயம் இருந்தது, மருத்துவச் சான்று காட்டி உரிமம் பெற்றுக் குடித்தோரும் இருந்தனர். ஆயினும் குடிக்க விரும்புபவன் தேடியலைய வேண்டியிருந்தது. அப்பிள்ளைகள் இயல்பிலேயே நம் பிள்ளைகளைவிட நல்லவர்கள் என்று கூற நாம் துணியவில்லை. அவர்கள் கல்லூரிக்குச் செல்லும் வழியில் கடை இல்லை, அவ்வளவே.

1971இல் அரசு நிதி நெருக்கடியைக் காட்டி மதுவிலக்கை ஒத்திவைத்தது. முதுமையிலும் இராஜாஜி அதனை எதிர்த்தார். அதன்பின் நடந்தவை மூடலும் திறப்புமாக மாறிமாறி வந்தவை: 1973இல் கள்ளுக்கடைகளும் 1974இல் சாராயக் கடைகளும் மூடப்பட்டன, 1981இல் மீண்டும் திறக்கப்பட்டன, 1983இல் டாஸ்மாக் நிறுவனம் தோன்றியது, 1987இல் கள்ளும் சாராயமும் மறுபடி நிறுத்தப்பட்டன. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அந்நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2003-04இல் ஏறத்தாழ 3,600 கோடி ரூபாயாக இருந்த வருவாய், 2023-24இல் 45,800 கோடியைத் தாண்டிற்று. விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தாலும் இது சிறிய வளர்ச்சியன்று.

இங்கே ஒரு சட்டச் செய்தியை ஜமாஅத்தார் கவனிக்க வேண்டும். 2003ஆம் ஆண்டு விற்பனை விதிகளின்படி 21 வயது நிறையாதவருக்கு மது விற்கக் கூடாது. பதினேழு, பதினெட்டு வயதில் கல்லூரியில் சேரும் மாணவர் பெரும்பாலும் இளங்கலைப் படிப்பின் மூன்றாண்டுகளையும் அந்த வயதுக்குள்ளேயே முடித்துவிடுகிறார். அவர்களுள் குடிக்கும் ஒவ்வொருவருக்கும் பின்னால் விதியை மீறி விற்ற ஒரு கையோ, வாங்கிக் கொடுத்த ஒரு நண்பனோ இருந்தே தீர வேண்டும். கல்வி நிலையத்திற்கும் வழிபாட்டுத் தலத்திற்கும் மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டரும், பிற பகுதிகளில் 100 மீட்டரும் தள்ளியே கடை இருக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் உள்ளது. அளந்து பார்த்து முறையிடும் உரிமை எந்தக் குடிமகனுக்கும் உண்டு.

மாணவர் மீண்டும் கடைவாசலுக்கு மறியலுக்காக வந்த காலமும் ஒன்று வந்தது. மதுரைச் சட்டக் கல்லூரி மாணவி நந்தினி 2010களில் தம் தந்தையாருடன் ஊர் ஊராகச் சென்று மதுக்கடைகளுக்கு எதிராக உண்ணாநோன்பும் மறியலும் மேற்கொண்டார். 2019இல் நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் சிறையும் சென்றார். 2015 ஜூலை 31ஆம் நாள் சேலத்துக் காந்தியவாதி சசிபெருமாள், குமரி மாவட்டம் மார்த்தாண்டம் அருகே கடையை அகற்றக் கோரிச் செல்பேசிக் கோபுரத்தின்மீது நின்று போராடியபோது உயிர் நீத்தார். அடுத்த சில நாட்களில் சென்னை பச்சையப்பன் கல்லூரி மாணவர்கள் வீதிக்கு வந்தனர். அவர்களுள் சிலர் கடையைத் தாக்கியதை நாம் ஆதரிப்பதற்கில்லை. 2016, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் ஒவ்வொரு முறையும் 500 கடைகள் மூடப்பட்டன.

கடைகள் குறைந்தால் போதை குறைந்துவிடுமா? கஞ்சாவுக்கும் மாத்திரைக்கும் பெயர்ப்பலகை வைத்த கடை கிடையாதே! முன்னாளில் மதுரைக்கு மேற்கே வருசநாட்டு மலைகளில் திருட்டுத்தனமாக விளைந்த கஞ்சாவைக் காவல்துறையினர் வேரோடு அழித்தனர். இன்று அது ஆந்திர–ஒடிசா எல்லை மலைகளிலிருந்து இரயிலிலும் சாலையிலும் வந்து சேருகிறது. அறுவை சிகிச்சைக்குப்பின் தரப்படும் வலி நிவாரண மாத்திரைகளும் இளைஞர் கைகளில் போதைப்பொருளாகின்றன. 'இது சாராயமல்லவே' என்று தம்மைத் தாமே தேற்றிக்கொள்ளும் நம் பிள்ளைகளுக்கு ஒன்று கூற வேண்டும். மார்க்கம் மதுவை அதன் பெயரால் வரையறுக்கவில்லை. அறிவை மறைக்கும் அதன் செயலால் வரையறுத்தது. இதனால்தான் பதினான்காம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த இமாம் ஸர்கஷீ (ரஹ்) அவர்கள் கஞ்சாவைப் பற்றித் தனி நூலே எழுதினார்கள். நம் காலத்துச் சிக்கல் என்று நாம் எண்ணுவது அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே உலமாக்கள் முன் வந்திருக்கிறது.

மதீனாவில் மதுவிலக்கு ஒரே நாளில் வரவில்லை, கட்டங்களாக வந்தது. முதலில் உள்ளங்கள் ஆயத்தமாயின, பின்னரே கட்டளை முழுமை பெற்றது. குடித்தமைக்காகப் பலமுறை கொண்டுவரப்பட்ட ஒருவரை அங்கிருந்தவர் சபித்தபோது, நபி (ஸல்) அவர்கள் அச்சாபத்தைத் தடுத்த செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. அம்மனிதருக்குத் தண்டனை உண்டு. ஆனால் அவரை சமுதாயத்தினின்று வெட்டியெறிய அனுமதியில்லை. குடிப்பவர் வீட்டு நிக்காஹுக்கு ஒத்துழைப்பதில்லை என்ற கட்டுப்பாடுகளைச் சில ஊர்களில் கேள்விப்படுகிறோம். நோக்கம் நல்லதே. எனினும் அதன் விளைவாகப் பெற்றோர் மகனின் நிலையை மறைக்கின்றனர். நோய் முற்றியபின்பே வெளியே தெரிகிறது. மறைப்பு நம் சமுதாயத்திற்கு மட்டும் உரியதுமன்று. மத்திய சமூகநீதி அமைச்சகத்திற்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெறுகிறார்.

சேலத்தில் மாலைநேரத்தை நிரப்பினார்கள் என்று முன்னர்க் கூறினோம். விடுதி மாணவனின் மாலை இன்று வெறுமையாகவே கிடக்கிறது. மதரஸா வயதைக் கடந்தபின் பிள்ளைக்கும் பள்ளிவாசலுக்கும் இடையே ஜும்ஆ ஒன்றைத் தவிர வேறு தொடர்பில்லை. மஹல்லாவில் ஒரு படிப்பகம், அஸருக்குப்பின் ஒரு பந்தாட்டத் திடல், வெளியூரிலிருந்து வந்து தங்கிப் படிக்கும் பிள்ளைகளைப் பெயர் சொல்லி விசாரிக்க இரண்டு மூத்தவர்கள் ஆகியவற்றுக்கு ஆகும் செலவு, ஆண்டுவிழாப் பந்தல் செலவைவிடக் குறைவாகவே இருக்கும் என்பது நம் கணிப்பு. நிர்வாகிகள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என நம்புகிறோம்.

ஏற்கெனவே சிக்கிக்கொண்ட பிள்ளைகளின் பெற்றோர் அஞ்சுவது காவல் நிலையத்தை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 64-ஏ என்ற பிரிவு உள்ளது. சிறிய அளவு வைத்திருந்ததாகவோ பயன்படுத்தியதாகவோ குற்றம் சாட்டப்பட்டவர் போதைக்கு அடிமையானவராக இருந்து, தாமே முன்வந்து அரசு அல்லது அரசு ஏற்பு பெற்ற மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால், வழக்கு நடவடிக்கையினின்று அவருக்கு விலக்களிக்க அது வழிசெய்கிறது. சிகிச்சையை முடிக்காமல் விட்டால் அவ்விலக்கு திரும்பப் பெறப்படலாம். 14446 என்ற தேசிய உதவி எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். பெரியாஸ்பத்திரியின் மனநலப் பிரிவு நமக்கு அருகிலேயே உள்ளது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பழக்கத்தால் வரும் பாதிப்பையும் மனநோய்களுள் சேர்த்துள்ளது. சிகிச்சை பெறுபவரின் விவரங்களை இரகசியமாகக் காக்கும் உரிமையையும் அதே சட்டம் அவருக்குத் தருகிறது. மகனின் பெயர் வெளியே தெரிந்துவிடுமோ என்று தயங்கும் பெற்றோர் இதனை அறிந்திருத்தல் நலம்.