சாட்சிகள் இருக்கும்போதே

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாண முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு அழைத்த விடுதலைப் புலிகள், இரண்டு மணி நேரத்தில் ஊரை விட்டு வெளியேறுமாறு கட்டளையிட்டனர். அம்மாதம் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் சுமார் 75,000 பேர் விரட்டப்பட்டனர். பெரும்பாலானோர் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் அகதிகளாயினர்.

நாசி முகாமில் உயிர் தப்பிய இத்தாலிய யூதர் பிரிமோ லெவி, தம் நினைவுகளை 1947இல் நூலாக்கினார். பெரிய பதிப்பகம் மறுக்க, சிறிய பதிப்பகமொன்று 2,500 பிரதிகள் அச்சிட்டது. மறுத்த பதிப்பகமே 1958இல் அதை வெளியிட்ட பின்னர்தான் நூல் பரவலாக வாசிக்கப்பட்டது. அவர் உடனே எழுதிவைத்ததால் உலகின் தாமதம் அந்தச் சாட்சியத்தை அழிக்கவில்லை.

அவர்களுக்கு நேர்ந்தது இனப்படுகொலை; நமக்கு நேர்ந்தது இனச்சுத்திகரிப்பு. இரண்டும் ஒன்றல்ல. சாட்சியத்தின் தேவை மட்டும் ஒன்றே.

நம்மவரின் வாக்குமூலங்களைத் திரட்டிய மக்கள் ஆணைக்குழு 2011இல் அறிக்கை வெளியிட்டது. அது பெரும் பணி. ஆயினும், வீட்டுச் சாவியை யாரிடம் கொடுத்தோம், சோதனையில் பிள்ளையின் தோட்டை எப்படிக் கழற்றினார்கள், கண்ணீரோடு வழியனுப்பிய தமிழ் அயலவர் யார் என்பதையெல்லாம் பட்டவரே சொல்ல வேண்டும்.

அன்று முப்பது வயதாயிருந்தவர்கள் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர். ஓர் அப்பியாசக் கொப்பி போதும்: உம்மாவும் வாப்பாவும் சொல்லட்டும், பிள்ளைகள் எழுதட்டும்.