நான்சென் (பக்கவழி நெறிப்படுத்தல்)

நான்சென் என்பது டென்மார்க், நோர்வே ஆகிய நாடுகளில் வழங்கும் ஒரு குடும்பப் பெயர். இது பின்வருவனவற்றைக் குறிக்கலாம்:

மாந்தர்

* ஹான்ஸ் நான்சென் (1598–1667) – டென்மார்க் அரசியலாளர். கோபன்ஹேகன் நகர மேயர். அடுத்து வருபவரின் முன்னோர்.
* பிரிட்ஜோப் நான்சென் (1861–1930) – நோர்வே துருவ ஆய்வாளர். 1888 இல் கிறீன்லாந்தின் உட்பகுதியைப் பனிச்சறுக்கில் கடந்தார். 1921 இல் உலக நாடுகள் சங்கத்தின் அகதிகள் உயர் ஆணையரானார். 1922 இல் இவரது முயற்சியால் உருவான நான்சென் கடவுச்சீட்டு, நாடிழந்த உருசிய அகதிகள் எல்லை கடக்க உதவியது. அதே ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார்.
* ஓட் நான்சென் (1901–1973) – பிரிட்ஜோபின் மகன், கட்டடக்கலைஞர். இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மனியின் சாக்சென்ஹவுசென் வதைமுகாமில் இவர் எழுதிய நாட்குறிப்பு பின்னர் நூலாக வெளிவந்தது.

இடங்கள்

* நான்சென் தீவு – அன்டார்க்டிக்கா தீபகற்பத்தின் மேற்குக் கரையோரம் உள்ளது.
* நான்சென் படுகை – ஆர்க்டிக் பெருங்கடலின் ஆழ்கடல் படுகை.
* நான்சென் கிண்ணக்குழி – நிலவின் வடமுனைக்கு அருகில் உள்ளது.

கப்பல்கள்

* பிரிட்ஜோப் நான்சென் (1930) – நோர்வே கடற்படைக் கப்பல். 1940 நவம்பரில் யான் மாயென் தீவருகே தரைதட்டி அழிந்தது.
* பிரிட்ஜோப் நான்சென் (2006) – நோர்வே கடற்படையின் போர்க்கப்பல்.
* டாக்டர் பிரிட்ஜோப் நான்சென் – அடுத்தடுத்து மூன்று மீன்வள ஆய்வுக் கப்பல்களின் பெயர். முதற்கப்பல் 1978–1980 காலத்திலும், மூன்றாவது 2018 இலும் இலங்கைக் கடற்பரப்பில் ஆய்வு நடத்தின.